அப்லேஷன் முடிந்த 12ஆம் நாள்: ஏற்காட்டு நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

சேலத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஏற்காட்டுக்குப் போய் அங்கேயும் நோயாளிகளைப் பார்ப்பேன். இங்கே எழுதுவது அப்படி மலையில் பல ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு நடந்தது. அவரும் அவருடைய மனைவியும் எழுதச் சொன்னார்கள். பெயர், தோட்டம், மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை.

இதயத் துடிப்புக் கோளாறுக்காக இதயத்துக்குள் குழாய் செலுத்திச் செய்யும் அப்லேஷன் சிகிச்சை வேண்டாம் என்று யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. இவருக்கு அந்தச் சிகிச்சை தேவைப்பட்டது, பலனும் தந்தது. சிகிச்சை முடிந்து ஆள் வீடு திரும்பிய பிறகு வரும் சில வாரங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னணி

58 வயது. காப்பித் தோட்டத்தில் ரைட்டர் வேலை. பறிப்புக் காலத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பது, மாலையில் பழத்தை எடை போட்டுக் கூலி எழுதுவது, நடுவில் சரிவுகளில் ஏறி இறங்குவது என்று நாள் முழுக்க நடை. 9 ஆண்டுகளாக ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை. சர்க்கரை நோய் இல்லை, குடியும் புகையும் இல்லை.

"நெஞ்சுக்குள்ள கோழி சிறகடிக்கிற மாதிரி இருக்குங்க சார், கொஞ்ச நேரத்துல தானா நின்னுடுது" என்று வந்தார். மூன்று முறை வந்தபோதும் நாடி சீராகவே இருந்தது. நான்காம் முறை படபடப்போடு நேராகக் கிளினிக்குக்கே வந்துவிட்டார். இ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெளிவாகப் பதிவானது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை இது. ஏ.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

நம் ஊரில் ஏ.எஃப். என்றதும் முதலில் பார்க்க வேண்டியது வால்வு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையே வேறு. இவருக்கு எக்கோவில் (இதய ஸ்கேன்) வால்வுகள் நன்றாக இருந்தன. இடது மேலறை மட்டும் லேசாகப் பெருத்திருந்தது. தைராய்டு சரி.

ஏ.எஃப். இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு. அந்த அபாயம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதால் வயது, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். இவருக்கு ரத்தக்கொதிப்புக்காக 1.

நாடி வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் கொடுத்தோம், படபடப்பு குறையவில்லை. இதய மருத்துவர் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சேர்த்தார். அது கேட்டது. ஆனால் 5 மாதத்தில் தைராய்டு கெட்டுவிட்டது. அந்த மருந்தால் அடிக்கடி வரும் தொல்லைதான். நிறுத்தியதும் படபடப்பு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை திரும்பியது. சரிவில் ஏறும்போது வந்தால் உட்கார்ந்துவிடுவார். கணக்கு நோட்டை வேறு ஆளிடம் கொடுத்தது அந்த ஆண்டில்தான் முதல்முறை. அது அவரை மிகவும் வருத்தியது.

அப்லேஷன் முடிவு

1998இல் பிரான்சின் போர்டோ நகரத்தில் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் ஒன்றைக் கண்டு சொன்னார்கள்: விட்டுவிட்டு வரும் ஏ.எஃப்.பைத் தொடங்கிவைக்கும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளின் வாயிலிருந்து கிளம்புகின்றன. கதீட்டர் அப்லேஷன் அந்த வாய்களைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, பொறி மேலறைக்குப் பரவாமல் தடுக்கிறது. தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, வலது மேலறையிலிருந்து நடுச்சுவரை ஊசியால் துளைத்து இடது மேலறைக்குள் போவார்கள். வெப்பத்தால் சுடுவது ஒரு முறை, உறைய வைப்பது இன்னொன்று. மின்துடிப்பால் திசுவைச் செயலிழக்கச் செய்யும் பல்ஸ்டு ஃபீல்ட் முறை அண்மையில் வந்தது.

எங்கே ஆபத்து என்பது இடத்தைப் பார்த்தாலே புரியும். இடது மேலறையின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் பின்னால் ஒட்டினாற்போல் உணவுக்குழாய் இறங்குகிறது. பக்கத்தில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து உள்ளே போயிருக்கும்போதே துளைப்பதும் சுடுவதும் நடக்கின்றன.

மருந்து பலிக்காமல் அல்லது ஒத்துக்கொள்ளாமல் தொல்லைப்படும் இவரைப் போன்றவர்களுக்கு அப்லேஷன் நியாயமான வழி. இதைச் செய்தால் ஆயுள் கூடும் என்று யாரும் இவரிடம் சொல்லவில்லை. 2,204 பேரை வைத்து நடந்து 2019இல் வெளிவந்த கபானா ஆய்வில் மரணம், பக்கவாதம் போன்றவற்றில் அப்லேஷன் தெளிவான வித்தியாசம் காட்டவில்லை. வாழ்க்கைத் தரத்தில் காட்டியது. இவர் கேட்டதும் அதைத்தான்: சரிவில் ஏற முடிய வேண்டும்.

அனுப்புவதற்கு முன் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசினேன். தொடை இடுக்கில் ரத்தக்கட்டு போன்றவை 100க்கு ஒன்றிரண்டு பேருக்கு; இதய உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை அழுத்துவது 100க்கு ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாக; பக்கவாதம் அதைவிடக் குறைவு; உயிரிழப்பு 1,000க்கு ஒருவர் அளவில். அந்த அம்மா கேட்டார்: "நூத்துல ஒருத்தருக்குன்னு சொல்றீங்க. அந்த ஒருத்தர் இவரா இருந்தா என்னங்க பண்றது?"

அப்படி ஆனால் அங்கேயே மேசையில் வைத்தே சரிசெய்வார்கள் என்று பதில் சொன்னேன். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது நடக்கலாம் என்பதை அன்று நான் சொல்லவில்லை.

சிகிச்சையும் முதல் பத்து நாளும்

டிசம்பர் முதல் வாரம், 5 மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஒரு பெருநகர மருத்துவமனையில் வெப்ப முறையில் அப்லேஷன் நடந்தது. மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் முன்பே உறுதி செய்திருந்தார்கள். முடிந்ததும் எக்கோ பார்த்ததில் இதய உறையில் நீர் இல்லை. குறையே சொல்ல முடியாத சிகிச்சை என்பதுதான் என் கருத்து. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான் 5 மி.கி. காலை, இரவு; மெட்டோப்ரோலால்; வயிற்றுக்கு பான்டோப்ரசோல்.

டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் 6 பக்கம். அறிவுரை கடைசிப் பக்கத்தில் 3 வரி: மாத்திரையை நிறுத்த வேண்டாம், பளு தூக்க வேண்டாம், 6 வாரத்தில் வரவும். ஒரு தொலைபேசி எண், வரவேற்பறையுடையது.

4ஆம் நாள் நெஞ்சுவலி தொடங்கியது. மூச்சை இழுத்தால் கூடும், படுத்தால் கூடும், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். சூடு பட்ட இதயத்தின் உறை அழற்சியால் வரும் வலி இது. அப்லேஷனுக்குப் பின் பலருக்கும் சில நாள் இருக்கும். ஊருக்குக் கிளம்பும்போதே அங்கே இதைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

6ஆம் நாள் அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். "வலி வர்றது சகஜம், நாலஞ்சு நாள்ல போயிடும்மா" என்றேன். என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்கவில்லை. இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த 2 நிமிட அழைப்பைத்தான்.

அவர் மருந்துக்கடையில் டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். 5ஆம் நாளிலிருந்து தினம் இரண்டு. இடையில் ஒரு நாள் வலி ஊசியும் போட்டுக்கொண்டார். கடைக்காரருக்கோ ஊசி போட்டவருக்கோ இவர் அபிக்ஸபான் சாப்பிடுவது தெரியாது. இவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பது தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு இந்த வகை வலி மாத்திரை சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். அழற்சியடைந்த இதய உறையில் ஏற்கெனவே கசிவு இருந்திருந்தால் அது நிற்காமல் போயிருக்கும். டைக்லோஃபெனாக்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்தச் சேர்க்கை நடந்திருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

10ஆம் நாள் வலி குறைந்தது, எல்லோருக்கும் நிம்மதி. 11ஆம் நாள் காப்பி உலர்த்தும் களம் வரை மெல்ல நடந்து போனவர் பாதியில் தலைசுற்றி உட்கார்ந்தார். இரவு சாப்பாடு இறங்கவில்லை, மேல்வயிறு உப்பிய மாதிரி இருந்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்தார்.

12ஆம் நாள்

காலை 6.30 மணிக்குக் குளியலறையில் மயங்கி விழுந்தார். சில நொடிகளில் நினைவு வந்துவிட்டது. பக்கத்துக் குடியிருப்பில் இருந்த செவிலியர் ஒருவர் வந்து பார்த்தார். ரத்த அழுத்தம் 90/70, நாடி 118. வேர்வை, கை கால் சில்லிட்டிருந்தது. 7 மணிக்கு எனக்குப் போன்.

மகன் ஏற்கெனவே கார் ஏற்பாடு செய்துவிட்டார், அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கே கூட்டிப் போக. குடும்பத்தினர் அப்படித்தான் யோசிப்பார்கள்; சிகிச்சை செய்த இடத்துக்குத்தானே தெரியும். நான் வேண்டாம் என்றேன். மேலும் கீழும் உள்ள இரண்டு எண்களும் நெருங்கிவரும் ரத்த அழுத்தம், வேகமான நாடி, 12 நாளுக்கு முன் அப்லேஷன், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை. இந்த நான்கும் சேர்ந்தால் இதய உறைக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். 5 மணி நேரம் அவரிடம் இல்லை.

போனிலேயே சொன்னவை: காலை அபிக்ஸபானும் பிரஷர் மாத்திரையும் மெட்டோப்ரோலாலும் வேண்டாம். எந்த ஊசியும் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைக்காமல் அவருக்கு எப்படி வசதியோ அப்படிச் சாய்த்து வையுங்கள். நேராகச் சேலம்.

தோட்டத்து ஜீப்பில் ஏற்காடு, அங்கிருந்து 108 ஆம்புலன்ஸ். பனிமூட்டம் விலகாத நேரம், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அப்பா கையைப் பிடித்து நாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்ததாக மகன் பிறகு சொன்னார். 9.15க்குச் சேலத்தில் எக்கோவும் கேத் லேபும் (இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் கூடம்) உள்ள மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். நான் அங்கே இருந்தேன்.

ரத்த அழுத்தம் 84/66, நாடி 122. மூச்சை இழுக்கும்போது மேல் அழுத்தம் சுமார் 20 குறைந்தது. கழுத்துச் சிரை புடைத்திருந்தது. இதய ஒலி மங்கல். உடல் வெப்பம் 99.8. ஹீமோகுளோபின் 11.2, சிகிச்சைக்கு முன் 14.1 இருந்தது. இ.சி.ஜி.யில் துடிப்பு சீராகத்தான் இருந்தது, அலைகள் மட்டும் குட்டையாகத் தெரிந்தன.

எடுத்த முடிவுகள்

பணியில் இருந்த இளம் மருத்துவர் கெட்டிக்காரர். ஹீமோகுளோபின் இறங்கியிருக்கிறது, உறைதடுப்பு மாத்திரை, டைக்லோஃபெனாக், மேல்வயிற்றுத் தொல்லை. வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் போகிறது, வாய் வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி பார்த்துவிடலாம் என்றார். அப்லேஷன் என்ற ஒன்று இல்லாவிட்டால் அதுவே சரியான யோசனை.

அப்லேஷனுக்குப் பிந்திய 2 மாதத்துக்குள் இருப்பவருக்கு, நெஞ்சை சி.டி. எடுத்துப் பார்க்காமல் எண்டோஸ்கோபி செய்யக் கூடாது. காரணம் இதுதான். அபூர்வமாகச் சிலருக்கு, சுடும்போது பட்ட வெப்பத்தால் உணவுக்குழாயில் புண் வந்து, அது மேலறை வரை துளைத்துவிடும். எண்டோஸ்கோபியின்போது உள்ளே செலுத்தும் காற்று அந்தத் துளை வழியாக இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும். 2023இல் வெளிவந்த பாட்டர் ஏ.எஃப். ஆய்வு 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அப்லேஷன்களைத் தொகுத்துப் பார்த்தது. 138 பேருக்கு இந்தத் துளை வந்திருந்தது. 10,000க்கு இரண்டு மூன்று பேர். ஆனால் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்திருந்தார்கள். அறிகுறி தொடங்கியது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தை ஒட்டி. எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாதாரணமாகிவிட்ட நேரம். காய்ச்சல், விழுங்கும்போது வலி, கை கால் இழுப்பு, ரத்த வாந்தி இவற்றில் ஏதோ ஒன்றோடு பக்கத்து டாக்டரிடம்தான் முதலில் போவார்கள்.

இவருக்கு 99.8 வெப்பம் இருந்ததால் அந்தச் சந்தேகத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. விழுங்கும்போது வலி இல்லை, கை கால் பலம் சரி. எண்டோஸ்கோபி வேண்டாம் என்று முடிவானது. இதய மருத்துவர் அதற்குள் எக்கோ கருவியை நெஞ்சில் வைத்துவிட்டார். இதயத்தைச் சுற்றி 2 செ.மீ.க்கு மேல் நீர். வலது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே மடிந்தது. தேங்கிய நீர் இதயத்தை இப்படி அழுத்துவதுதான் டாம்பனேட்.

சி.டி. முதலிலா, நீரை எடுப்பது முதலிலா? ஆள் சி.டி. மேசையில் மல்லாந்து படுக்கும் நிலையில் இல்லை. நீரை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தோம். அதுவரை ரத்த நாளம் வழியாக சலைன் ஓடியது. கழுத்துச் சிரை புடைத்திருப்பதைப் பார்த்து நீர் பிரியும் ஊசி போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. டாம்பனேடில் அது ஆளைக் கவிழ்த்துவிடும்.

அப்லேஷன் செய்த மருத்துவரை அழைக்க முயன்றோம். சம்மரியில் இருந்த எண்ணில் அவரைப் பிடிக்க 25 நிமிடம் ஆனது. கிடைத்ததும் தெளிவாகவும் பொறுமையாகவும் பேசினார்: அங்கேயே எடுங்கள், அனுப்ப வேண்டாம். கடைசி அபிக்ஸபான் முந்தைய இரவு 8 மணிக்கு. மருந்தின் வீரியம் ஓரளவு இறங்கியிருக்கும். உறைதல் காரணிகள் அடங்கிய மருந்தைக் கைவசம் வைத்துக்கொண்டோம், தேவைப்படவில்லை.

10.20க்கு எக்கோ பார்த்துக்கொண்டே மார்பெலும்பின் கீழ் ஊசி ஏற்றிக் குழாய் வைத்தார் இதய மருத்துவர். வந்தது உறையாத கருஞ்சிவப்பு ரத்தம். முதல் 150 மில்லியிலேயே ரத்த அழுத்தம் 110ஐத் தாண்டியது. "மூச்சு நல்லா வருதுங்க" என்றார் அவர். மொத்தம் 650 மில்லி.

மாலையில் சி.டி. எடுத்தோம். இதய உறையிலோ நெஞ்சுக்கூட்டிலோ காற்று இல்லை, உணவுக்குழாய் சுவர் நன்றாக இருந்தது. அதன் பிறகுதான் எல்லோரும் உட்கார்ந்தோம்.

மிகவும் சங்கடமான முடிவு அடுத்து வந்தது: அபிக்ஸபானை எப்போது மறுபடி தொடங்குவது? அப்லேஷனுக்குப் பிறகு குறைந்தது 2, 3 மாதம் அதை நிறுத்தக் கூடாது. சுட்ட இடத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம். மதிப்பெண் 1 என்பது அந்தக் காலத்தில் பாதுகாப்பு ஆகாது. சீக்கிரம் தொடங்கினால் மறுபடி ரத்தம் தேங்கலாம். இதற்கு இத்தனையாம் நாள் என்ற கணக்கு எதுவும் இல்லை. குழாய் வைத்த 3ஆம் நாள் அதில் வருவது நின்றதும் எடுத்தோம். அடுத்த நாளும் அதற்கு இரண்டு நாள் கழித்தும் எக்கோவில் நீர் சேரவில்லை. 6ஆம் நாள், மருத்துவமனையில் இருக்கும்போதே, மூன்று மருத்துவர்களும் பேசித் தொடங்கினோம். அந்த ஆறு நாளும் தினம் இரண்டு வேளை அவரைப் பேசவைத்து, சிரிக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழற்சிக்குக் கோல்சிசின், வலிக்குப் பாராசிட்டமால்.

பின்னர் நடந்தது

குழாய் வைத்த 9ஆம் நாள் மருத்துவமனையிலிருந்து போனார். மலைக்கு உடனே போகவில்லை. 6 வாரம் அஸ்தம்பட்டியில் தங்கை வீட்டில். அந்த நாட்களில் இரண்டு முறை படபடப்பு வந்தது. முதல் 2, 3 மாதத்தில் அப்படி வருவதை வைத்து அப்லேஷன் தோற்றது என்று சொல்ல முடியாது. தழும்பு ஆற அவ்வளவு காலம் வேண்டும். அதன் பிறகு எடுத்த 7 நாள் ஹோல்டர் பதிவில் (தொடர் இ.சி.ஜி.) ஏ.எஃப். இல்லை. ஓராண்டு முடிந்தும் இல்லை. தைராய்டு சரியாகிவிட்டது. 5 கிலோ எடை குறைத்தார். சரிவில் ஏறுகிறார்; மூட்டை தூக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எதை மாற்றியிருப்போம்

2011இல் வெளிவந்த உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றில், சுமார் 28,000 அப்லேஷன்களில் 45 பேருக்கு இப்படித் தாமதமாக டாம்பனேட் வந்தது பதிவாகியிருக்கிறது. சராசரியாக 12ஆம் நாளை ஒட்டி. மிகக் குறைவுதான். ஆனால் அந்த 12ஆம் நாளில் நோயாளி எந்த ஊரில், யார் பார்வையில் இருக்கிறார் என்பதை யோசித்துத் திட்டமிட வேண்டியது அனுப்பும் மருத்துவர், அதாவது நான்.

புதிய பல்ஸ்டு ஃபீல்ட் முறை வந்தால் இந்தக் கவலை போய்விடுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உணவுக்குழாய் விஷயத்தில் பெரிய நிம்மதிதான்: 17,000க்கும் மேற்பட்டவர்களைத் தொகுத்து 2024இல் வந்த ஆய்வில் ஒருவருக்குக்கூட அந்தத் துளை வரவில்லை. ஆனால் நடுச்சுவரைத் துளைப்பதும் மேலறைக்குள் குழாய் நகர்வதும் அதிலும் உண்டு. அதே ஆய்வில் டாம்பனேட் 1,000க்கு மூன்று நான்கு பேருக்கு வந்தது.

இப்போது அப்லேஷனுக்கு அனுப்பும் எவரையும் முதல் 2 வாரம் மலையில் இருக்க வேண்டாம், சேலத்தில் உறவினர் வீட்டில் இருங்கள் என்கிறேன். முடியாதவர்களுக்கு 7ஆம் நாளும் 14ஆம் நாளும் நானே போன் செய்கிறேன். மயக்கம், காய்ச்சல், வலி இருக்கிறதா என்றும் வேறு என்ன மாத்திரை போடுகிறார்கள் என்றும் கேட்கிறேன். எல்லோருக்கும் முதல் வாரமே எக்கோ எடுக்க வேண்டுமா என்று யோசித்தோம். அறிகுறி இல்லாதவருக்கு லேசான நீர் தெரிந்தால் வீண் பயத்தில் உறைதடுப்பு மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. அதனால் அறிகுறி இருந்தால் மட்டும், ஆனால் அன்றே.

தமிழில் ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தேன். மேலே சிகிச்சை நடந்த தேதியும் எந்த முறை என்பதும். அடுத்து அப்லேஷன் செய்த மருத்துவரின் நேரடி எண். அதை வாங்காமல் நோயாளியை அனுப்புவதில்லை. அப்புறம் மருந்துக்கடைக்காரருக்கு ஒரு வரி: இவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், வலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறு கொடுக்க வேண்டாம். அவசரப் பிரிவு மருத்துவருக்கு ஒரு வரி: முதல் 2 மாதத்தில் எக்கோவும் நெஞ்சு சி.டி.யும் பார்க்காமல் எண்டோஸ்கோபி வேண்டாம். கீழே, நோயாளி எதற்கெல்லாம் உடனே வர வேண்டும் என்ற பட்டியல்.

முதல் படியை அந்த அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். "விழுங்குதலின்போது வலி" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "இதைச் சோறு இறங்கும்போது நெஞ்சுக்குள்ள வலிச்சான்னு போடுங்க சார். 'மயக்கம்'னு மட்டும் போட்டிருக்கீங்க, தலை கிறுகிறுத்து உட்கார்ந்தாக்கூட வரணும்னு சேர்த்துடுங்க. அவர் களத்துல உட்கார்ந்தாரே, அன்னிக்கே வந்திருப்போம்." இரண்டையும் அப்படியே மாற்றிவிட்டேன்.